பேத்திக்கு ஒரு டி.ஜே. பெட்டி

கடந்த மார்கழியில் ரொறன்ரோவிலிருந்து என் பேத்தி தொலைபேசியில் அழைத்தாள். மகளின் மகள், வயது 17. சுகம் விசாரித்து முடிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மப்பா, நான் டி.ஜே. பழகப் போறன். செற் ஒண்டு வாங்க வேணும். நீங்கள் அம்மாவோட ஒருக்காக் கதைச்சு விடுவீங்களோ?" என்று கேட்டாள்.

அரை மணித்தியாலம் கழியவில்லை, மகள் அழைத்தாள். "அப்பா, நீங்கள் சொன்னால்தான் கேப்பாள். உந்தக் கூத்துக்கெல்லாம் காசு செலவழிக்க நான் விடமாட்டன்" என்றாள்.

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்தவனுக்கு இரு தரப்புக்கும் நடுவே அகப்படுவது புதிதல்ல. ஆனால் விடயம் புதிது. தெரியாத விடயம் பற்றி எழுத நேர்ந்தால் முதலில் நாலு பேரிடம் கேள் என்பதே நான் கற்ற தொழில். ஸ்காபரோவில் தமிழ்க் கலியாணங்களுக்குப் பாட்டுப் போடும் ஒருவரிடமும், கொழும்பு விடுதியொன்றில் அதே வேலை செய்யும் இரண்டு இளைஞர்களிடமும் பேசினேன். அகப்பட்டதையெல்லாம் வாசித்தேன். அதன் முடிவில் மகளின் எண்ணம் பாதி பிழை, பேத்தியின் எண்ணம் முக்கால்வாசி பிழை என்ற தீர்மானத்துக்கு வந்தேன். பேத்தி இதை வாசிப்பாள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

அவள் அனுப்பிய பட்டியலில் பெரிய கிளப்புகளில் உள்ளவை போன்ற இரண்டு பிளேயர்கள், நான்கு தட மிக்சர், ஆளுயர ஒலிபெருக்கிகள் ஒரு சோடி, வண்ண விளக்குகள் ஆகியன இருந்தன. இரண்டு வருடங்கள் வார இறுதிகளில் கோப்பிக் கடையில் நின்று அவள் சேர்த்த பணம் முழுவதும் முற்பணத்துக்கே சரியாகிவிடும். மீதியை மூன்று வருடத் தவணையில் கட்டலாம் என்று விற்பனையாளர் ஒருவர் அன்பொழுகச் சொல்லியிருக்கிறார். இன்று கிளப்புகளில் பரவலாகக் காணப்படும் சி.டி.ஜே.-3000 என்ற பிளேயர் 2020இல் வெளிவந்தது. ஒன்றே 2000 அமெரிக்க டொலருக்கு மேல். இரண்டு வேண்டும், மிக்சர் வேறு. பழகத் தொடங்கும் ஒரு பிள்ளை இவ்வளவு கடனைத் தலையில் ஏற்றிக்கொண்டால், ஆறு மாதத்தில் ஆர்வம் குன்றினாலும் தவணை குன்றாது.

இந்த இடத்தில் எங்களூர் ஒலிபெருக்கிக்காரரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல முடியவில்லை.

1960களில் எங்கள் கிராமத்தில் கலியாணம், சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா எதுவாயினும் அவர்தான். பனைமர உச்சியில் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டுவார். கீழே ஒரு கொட்டிலில் அம்பிளிஃபையர், பற்றரி, இரண்டு இசைத்தட்டுச் சுழலிகள். சிறுவர்களாகிய நாங்கள் அவரைச் சுற்றிக் குந்தியிருப்போம். ஒரு தட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போதே மற்றத் தட்டில் ஊசியை வைப்பார். அந்தப் பக்கத்துக் குமிழை முற்றாகக் குறைத்திருப்பார். பிறகு குனிந்து, தன் வலது காதை ஊசிக்கு ஓரங்குல தூரத்துக்குக் கொண்டு செல்வார். ஊசி தட்டின் தடத்தில் ஓடும்போது, அம்பிளிஃபையரின் உதவியின்றியே நுளம்பின் ரீங்காரம் போன்ற மெல்லிய ஒலி எழும். அதைக் கேட்டுப் பாட்டுத் தொடங்கும் இடத்தைப் பிடித்து, தட்டை விரலால் நிறுத்தி வைப்பார். முதற்பாட்டு முடியும் அதே கணத்தில் விரலை எடுப்பார். இடையில் ஒரு மூச்சுக்கூட இடைவெளி இராது. ஊரில் பலருக்கு அவர் வெறும் "லவுட்ஸ்பீக்கர்காரர்". இன்று விசாரித்துப் பார்த்தபோதுதான், நாங்கள் கண்டது ஒரு டி.ஜே.யின் அடிப்படைத் தொழில் என்று விளங்கிற்று.

சபை ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அடுத்த பாட்டைத் தான் மட்டும் கேட்பது. டி.ஜே. கலை என்பதன் மூலவேர் இதுதான். மற்ற வித்தைகள் யாவும் இதிலிருந்து கிளைத்தவை.

நியூயோர்க்கில் 1960களின் இறுதியில், முன்பு தேவாலயமாக இருந்த கட்டடமொன்றில் இயங்கிய சாங்சுவரி என்ற கிளப்பில் பிரான்சிஸ் கிராசோ என்பவர் ஹெட்போனை ஒரு காதில் வைத்துக்கொண்டு அடுத்த தட்டைக் கேட்டு, இரண்டு பாடல்களின் தாளத்தையும் பொருத்தி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நழுவிச் செல்லும் முறையைப் புகழ்பெறச் செய்தார். அதே நகரின் புரொங்ஸ் பகுதியில் 1973 ஒகஸ்ட் 11ஆம் திகதி, யமேய்க்காவில் பிறந்து குடிபெயர்ந்த கூல் ஹேர்க் என்ற இளைஞர் தன் சகோதரிக்காக, தாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் பொது அறையில் ஒரு விருந்து வைத்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரு சுழலிகளில் இட்டு, சனம் துள்ளும் தாளப் பகுதியை மாறி மாறி நீட்டிக்கொண்டே போகும் முறை அவருடையது. ஹிப் ஹொப் இசையின் பிறந்தநாளாக அந்த நாள் இன்று கொண்டாடப்படுகிறது. அவருக்குப் பின் வந்த கிராண்ட்மாஸ்ரர் பிளாஷ் மின்னணுவியல் படித்த பையன். தன்னிடமிருந்த கருவியில் அடுத்த தட்டை ஹெட்போனில் கேட்க வழியில்லாதபோது, ஒரு சாதாரண ஆளியைக் கொண்டு தானே அந்த வசதியைச் செய்துகொண்டார்.

இவர்களில் எவரும் தவணைக்குக் கடை வைத்து வாங்கிய கருவியால் பெயர் பெறவில்லை. இருந்ததை வைத்துக் கேட்டார்கள். கேட்க முடியாதபோது கேட்கும் வழியைச் செய்துகொண்டார்கள்.

சரி, பேத்தி வாங்க வேண்டியது என்ன?

அவளிடம் மடிக்கணினி இருக்கிறது. அதனுடன் இணைக்கும் கொன்ட்ரோலர் என்ற பலகை ஒன்று போதும். இரண்டு பக்கமும் தட்டுப் போன்ற சில்லுகள், நடுவே மிக்சர், பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நழுவுகட்டை, தாழ்ந்த, நடு, உச்ச ஒலிகளுக்கு மும்மூன்று குமிழ்கள், இவ்வளவும் ஒரே பலகையில் அமைந்திருக்கும். பயனியர் டி.ஜே. என்ற பெயரில் வெளிவந்த டி.டி.ஜே.-எஃப்.எல்.எக்ஸ்.4 என்ற இரு தடப் பலகை ஏறக்குறைய 300 அமெரிக்க டொலர் விலையில் அறிமுகமானது. ரெக்கோட்பொக்ஸ், செராட்டோ ஆகிய இரண்டு மென்பொருள்களுடனும் அது இயங்கும். வேறு நிறுவனங்களின் பலகைகளும் இதே தரத்தில் உண்டு. (எந்த நிறுவனத்திடமிருந்தும் நான் ஒரு சதமும் பெற்றவனல்லன். உதாரணத்துக்கே பெயர் சொன்னேன்.) பாவித்த பலகையாயின் இன்னும் மலிவு. வாங்கும்போது ஒவ்வொரு குமிழையும் திருகி, ஒவ்வொரு நழுவுகட்டையையும் மேலும் கீழும் தள்ளி, கரகரப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். மென்பொருளுக்குப் பணமில்லையென்றால், மூன்று எக்ஸ் எழுத்துகளுடன் எழுதப்படும் மிக்ஸ் என்ற மென்பொருள் இலவசம்; அதன் மூலநிரல்கூட எவரும் பார்க்கத்தக்கது.

ஒன்றை மட்டும் தவறவிடக் கூடாது. சபைக்குச் செல்லும் ஒலிக்கு ஒரு வெளிவாயிலும் ஹெட்போனுக்குத் தனி வாயிலும் பலகையிலேயே இருக்க வேண்டும். மிக மலிவான சிலவற்றில் ஹெட்போன் துளையே இராது. அவற்றில் எத்தனை வண்ண விளக்குகள் மின்னினாலும் அவை விளையாட்டுப் பொருள்களே. ஊசிக்கருகே காதைக் கொண்டுபோக, இங்கே ஊசியும் இல்லை அல்லவா?

ஹெட்போன் காதை முழுவதும் மூடும் வகையாக, கம்பியுள்ளதாக இருக்கட்டும். பேத்தியிடம் இருப்பது கம்பியில்லாத புளூடூத் வகை. அதில் ஒலி சற்றுப் பிந்தியே காதுக்கு வரும். பஸ்ஸில் பாட்டுக் கேட்க அது தடையில்லை. தாளம் பொருத்தும் வேலையில் அந்தச் சிறு பிந்தல் எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

ஒலிபெருக்கி வாங்கவே வேண்டாம் என்றேன். வீட்டில் உள்ள சிறிய பெட்டிகள் பழகுவதற்குப் போதும். மண்டபத்துக்கு வேண்டியதை வாடகைக்கு எடுக்கலாம். விளக்குகளைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பேச்சு வந்தபோது மகள் குறுக்கிட்டுவிட்டாள்.

"அப்ப இசைத்தட்டுச் சுழலியில பழகினால் என்ன?" என்று கேட்டாள் பேத்தி. அழகான ஆசைதான். யப்பானின் டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 சுழலி 1972இல் வந்தது. நாடா வைத்துச் சுழற்றாமல் மோட்டாரே நேரடியாகத் தட்டைச் சுழற்றும் அமைப்பு அதனுடையது. விரலால் நிறுத்தி விட்டதும் உடனே வேகம் பிடித்துவிடும். 1979இல் வந்த அதன் இரண்டாம் வடிவம் உலகெங்கும் டி.ஜே.க்களின் அளவுகோலாயிற்று. 2010இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். கேட்பவர்கள் ஓயாததால் 2016இல் மீண்டும் தொடங்கினார்கள். ஆனால் இரண்டு சுழலிகள், மிக்சர், ஊசிகள் என்று செலவு மீண்டும் ஏறிவிடும். அவள் போட விரும்பும் புதிய பாடல்களில் பெரும்பாலானவை தட்டாக வெளிவரவும் இல்லை. தட்டின் மீதே காதல் கொண்டவர்களுக்கு அந்த வழி. மற்றவர்கள் பின்னர் போகலாம்.

எனக்கும் இந்தக் கருவி மயக்கம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. இளம் நிருபராக இருந்தபோது கடன்பட்டு ஒரு விலையுயர்ந்த ஒலிப்பதிவுக் கருவி வாங்கினேன். அது கையிலிருந்தால் பெரிய பேட்டிகள் தாமாகவே வந்து விழும் என்று நம்பினேன். வந்தவை, கருவி இல்லாத காலத்தில் வந்த அதே பேட்டிகள். கேள்வி கேட்கத் தெரியாதவன் கருவியில் பதிவு செய்தது தன் தடுமாற்றத்தைத்தான். கடன் தீர இரண்டு வருடமானது.

இனி, பொத்தானைப் பற்றிய வழக்கு. இக்காலக் கொன்ட்ரோலர்களில் "சிங்க்" என்றொரு பொத்தான் உண்டு. அழுத்தினால் இரண்டு பாடல்களின் தாளமும் தாமே ஒன்றிவிடும். மூத்த டி.ஜே.க்கள் பலருக்கு அது ஏமாற்று வித்தை. இளையவர்களோ, இருக்கும் வசதியை ஏன் விட வேண்டும் என்கிறார்கள். நிமிடத்துக்கு 104 அடி கொண்ட பாட்டை 100 அடிப் பாட்டுடன் பொருத்த, வேகத்தை ஏறக்குறைய நூற்றுக்கு நாலு வீதம் குறைக்க வேண்டும். இந்தக் கணக்கை மனிதன் செய்தால் என்ன, இயந்திரம் செய்தால் என்ன என்பது அவர்களின் வாதம். உலகப் பொது நடன இசை மட்டும் போடுபவருக்கு அது செல்லுபடியாகும் என்றே எனக்கும் படுகிறது.

தமிழ்ப் பாட்டுப் போடுபவருக்குச் செல்லாது. ஸ்காபரோ நண்பர் விளக்கிய பிறகுதான் எனக்கும் இது தெரிந்தது. நடன இசையின் தாளம் இயந்திரத்தில் பிறந்தது. முதல் அடிக்கும் ஆயிரமாவது அடிக்கும் இடைவெளி மாறாது. மென்பொருள் அதன் மீது ஒரு கட்டம் கீறி வைத்துக்கொள்கிறது. 1992இல் ஏ.ஆர்.ரகுமான் வந்ததற்குப் பிந்திய திரைப்பாடல்களில் பலவும் இந்தக் கட்டத்துக்குள் அடங்கும். அதற்கு முந்திய பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிசை மன்னரின் குழுவிலோ, இளையராஜாவின் குழுவிலோ, தபேலாவையும் டிரம்சையும் மனிதர்கள் உயிரோடு வாசித்தார்கள். பல்லவியில் ஒரு வேகம், இடையிசையில் வயலின்கள் எழும்போது மயிரிழை கூடிய வேகம், சரணத்தில் மீண்டும் தணிவு. கேட்கும் நமக்கு அது உயிர்ப்பு. மென்பொருளின் கட்டத்துக்கோ அது பிழை. பொத்தானை நம்பி இரண்டு பழைய பாடல்களை இணைத்தால், பத்தாவது விநாடியில் இரண்டு தாளங்களும் ஒன்றின் காலை மற்றொன்று மிதிக்கத் தொடங்கும்.

நம் இலங்கைக் கலியாண வீடுகளில் பைலா இல்லாமல் நடனம் முடியுமா? பைலா ஆறெட்டுத் தாளம். ஏ.ஈ.மனோகரன் வழிவந்த நமது பொப்பிசைப் பாடல்களில் பலவும் அந்த நடையைச் சேர்ந்தவை. நாலு நாலாக எண்ணப் பழக்கப்பட்ட மென்பொருள் இங்கே அடிக்கடி தடுமாறுகிறது. புதிய மென்பொருள்களில் ஆடும் தாளத்தைத் தொடரும் வசதிகளும் உண்டு. ஆயினும் அவை கீறிய கட்டம் சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்லக் காது வேண்டும். ஆகவே பேத்திக்கு நான் இட்ட நிபந்தனை ஒன்றுதான்: முதல் மூன்று மாதங்களுக்கு அந்தப் பொத்தானின் மேல் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டு. அதன் பின் உன் விருப்பம்.

மிச்சப் பணம் எங்கே போக வேண்டும்? பாட்டுக்கு. இணையத்தில் எங்கோ இறக்கிய, பலமுறை நசுக்கப்பட்ட கோப்பு கைபேசியில் இனிக்கும். மண்டபத்தின் பெரிய ஒலிபெருக்கியில் அதன் வறுமை வெளிப்பட்டுவிடும். விலை கொடுத்து வாங்கிய நல்ல கோப்புகள் நூறு இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். அந்த நூறிலும் பல்லவி எங்கே முடிகிறது, இடையிசை எத்தனை அடி, பாடகர் எங்கே மூச்செடுக்கிறார் என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். இரவல் பாட்டை நம்புவதில் ஆபத்துமுண்டு. ஸ்பொட்டிஃபை நிறுவனம் 2020 யூலையில் டி.ஜே. மென்பொருள்களுடனான தொடர்பைத் துண்டித்தது. அன்றுவரை அதை நம்பிப் பழகியவர்கள் திடீரென வெறுங்கையரானார்கள். 2025இல் அது சில மென்பொருள்களுக்குத் திரும்பி வந்தது. வந்தது மறுபடி போகாது என்று எவர் எழுதிக் கொடுத்தார்?

ஒரு பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதுதான் இந்தத் தொழிலில் கருவியால் செய்ய முடியாத பகுதி. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பை எஸ்.பி.மயில்வாகனம் நடத்திய காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அவருடைய நிகழ்ச்சியில் ஒரே பாட்டு வேறொரு பாட்டின் பின்னே வரும்போது வேறு பொருள் தரும்.

எங்களூர் ஒலிபெருக்கிக்காரர் 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, அம்பிளிஃபையரையும் கூம்புகளையும் வீட்டிலேயே விட்டுவிட்டுச் சைக்கிள் கரியரில் தட்டுப்பெட்டியைக் கட்டிக்கொண்டு சாவகச்சேரிப் பக்கம் நடந்தார் என்று பின்னர் கேள்விப்பட்டேன். மின்சாரமின்றிச் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அந்தத் தட்டுகளைப் போட்டுக் கேட்க அவரிடம் ஒன்றுமே இருக்கவில்லை.

அவரைக் கடைசியாகச் சந்தித்தபோது நான் சொன்னது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. காது போய்விட்டது. பக்கத்தில் நின்ற மகன், "உரத்துச் சொல்லுங்கோ, இன்னும் உரத்து" என்றான். அச்சியந்திரத்தருகே இரவுகளைக் கழித்த எனக்கும் இடது காது மந்தம்தான். ஆகவே இந்தப் பகுதியை விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

85 டெசிபல் ஒலியை ஒருநாளில் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் கேட்பது ஆபத்து என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 88க்கு நான்கு மணித்தியாலம், 91க்கு இரண்டு, 100ஐ எட்டும்போது 15 நிமிடம் மட்டுமே. நடன மண்டபத்தில் 100 என்பது அபூர்வமான அளவல்ல. டி.ஜே. அங்கே நிற்பது 15 நிமிடமா? நாலைந்து மணித்தியாலம். அதற்கும் மேலாக, மண்டபத்தின் இரைச்சலை மேவி அடுத்த பாட்டைக் கேட்பதற்காக ஹெட்போனின் ஒலியையும் கூட்டுகிறார். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அளவுகோலும், இசை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும், வருவோருக்குக் காதடைப்பான்கள் கிடைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உட்காதின் நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. காதுக்குள் இரவெல்லாம் ஒலிக்கும் இரைச்சலுக்கு மருந்தும் இல்லை.

இசைக்கென்றே செய்யப்பட்ட காதடைப்பான்கள் உண்டு. பஞ்சுபோலப் பாட்டை மந்தமாக்காமல், எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் தணிப்பவை. ஒரு சோடி, முப்பது நாற்பது டொலரில் வாங்கலாம். பேத்தியின் பட்டியலில் அது இருக்கவில்லை, விற்பனையாளரும் சொல்லவில்லை. நான் அதைப் பட்டியலின் முதல் வரியில் எழுதி அனுப்பினேன்.

மகளின் கவலைக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. படிப்புக் கெடும் என்கிறாள். வயலின் வகுப்புக்கும் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கும் ஆயிரக்கணக்கில் செலவழித்தபோது படிப்புக் கெடும் என்று அவள் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அரங்கேற்றத்தில் பிள்ளை மேடையில் நிற்பது தாய்க்குப் பெருமை. மேடையின் ஓரத்தில் கம்பிகளுக்கு நடுவே நின்றால் அது கூத்து. இதை அவளிடம் சொன்னபோது தொலைபேசியில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "இரவு பன்னிரண்டுக்கு வீட்டுக்கு வர வேணும்" என்றாள். அந்த நிபந்தனையில் நான் தலையிடவில்லை.

பங்குனியில் பேத்தி பாவித்த பலகை ஒன்று வாங்கினாள். ஹெட்போன், காதடைப்பான் எல்லாம் சேர்த்துச் சேமிப்பில் ஐந்திலொரு பங்குகூடப் போகவில்லை. வாராவாரம் ஒரு மணித்தியாலப் பதிவு எனக்கு வருகிறது. வலது காதை வைத்துக் கேட்கிறேன். முதல் வாரங்களில் இரண்டு குதிரைகள் ஒழுங்கையில் ஓடுவதுபோல இருந்தது. சென்ற வாரம் ஒரு பைலாவிலிருந்து 1970களின் திரைப்பாட்டொன்றுக்குத் தாவினாள். எங்கே தாவினாள் என்று பிடிக்க எனக்கு இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. பிளாஸ்டர் இன்னும் பொத்தானில்தான் இருக்கிறது என்கிறாள்.

ஆவணியில் ஓர் உறவினரின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அவள்தான் பாட்டுப் போடுகிறாள். ஒலிபெருக்கி வாடகைக்கு எடுத்தாயிற்று. நானும் விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். எனக்கும் ஒரு சோடி காதடைப்பான் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். இடது காதுக்கானது வீண்தான், ஆனால் ஒற்றையாக விற்க மாட்டார்களாம்.